வாசகர் கேள்வி – பதில்: இத்தாலிய மொழி உயர்நிலைத் தேர்வுக்கு ஆசிரியரைத் தேடுவது எப்படி?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், பதினான்கு ஆண்டுகளாகப் பலேர்மோவில் வசிக்கிறேன். முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருந்துகொண்டே சென்ற ஆண்டு சில்ஸ் என்ற இத்தாலிய மொழித் தேர்வின் பி2 நிலையில் சித்தியடைந்தேன். வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் நம்மவர்களுக்கு உதவும் மொழி இணைப்பாளராகப் பணியாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காக அடுத்த நிலையான சி1 தேர்வையும் எழுத எண்ணியிருக்கிறேன். இத்தாலியம் தடையின்றிக் கதைப்பேன். இரண்டு ஆசிரியர்களிடம் மணித்தியாலக் கட்டணம் கொடுத்துப் படித்தும் பார்த்தேன். கதைப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எப்படிப்பட்ட ஆசிரியர் வேண்டும்?
– வாசகி, பலேர்மோ

பதில்: உங்களுக்கு வேண்டியவர் நீங்கள் எழுதியதைச் சொல் சொல்லாகப் படித்து, திருத்தி, மறுபடியும் எழுதச் சொல்லி, அந்த இரண்டாவது படியையும் படிக்கும் பொறுமை உள்ள ஒருவர். பேச்சுத் துணை உங்களுக்குத் தேவையில்லை. பலேர்மோ நகரமே பதினான்கு ஆண்டுகளாக உங்களுக்குப் பேச்சுத் துணையாக இருந்திருக்கிறது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. சியேனாவில் உள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், மொழியமைப்பு, எழுத்து, பேச்சு என ஐந்து பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் குறைந்தது 11 பெற்றாக வேண்டும். பேச்சில் 20 வாங்கியவரும் எழுத்தில் 10 வாங்கினால் சான்றிதழ் பெற முடியாது. பேச்சுத் தேர்வும் பதிவு செய்யப்பட்டுச் சியேனாவுக்கு அனுப்பப்பட்டு அங்கேதான் மதிப்பிடப்படுகிறது. எதிரில் அமர்ந்திருப்பவர் உங்கள் முகக்குறிப்பைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொண்டு தலையசைப்பது அங்கே உதவாது. தேர்ச்சி பெற்ற பகுதிகளை ஒன்றரை ஆண்டு வரை தக்கவைத்துக்கொண்டு, தவறிய பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம் என்பது ஓர் ஆறுதல்.

அந்த ஆறுதலின் அருமை எனக்குத் தெரியும். நான் மிக உயர்ந்த நிலையான சி2 தேர்வை முதன்முறை எழுதியபோது எழுத்துப் பகுதியில் மட்டும் தவறினேன். எனக்குக் கற்பித்தவர் மிகவும் அன்பானவர். எட்டு மாதங்கள் அரசியலையும் சமையலையும் திரைப்படத்தையும் பற்றி இனிமையாகப் பேசினோம். ஒரு பக்கம்கூட அவர் என்னிடம் எழுதி வாங்கவில்லை, நானும் எழுதிக் கொடுக்கவில்லை. தவறிய பிறகு தேடிக் கண்டுபிடித்த ஆசிரியை முதல் வாரத்திலேயே என் கட்டுரையை முப்பதுக்கும் மேற்பட்ட குறிகளோடு திருப்பித் தந்தார். பிழைக்கு ஒரு நிறம், பிழையில்லை என்றாலும் அந்த இடத்துக்குப் பொருந்தாத சொல்லுக்கு வேறொரு நிறம். இரண்டாவது நிறம்தான் அதிகமாக இருந்தது. உயர்நிலைத் தேர்வு எதைக் கேட்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

உங்கள் விஷயத்தில் அந்த இரண்டாவது நிறம் எங்கெல்லாம் விழும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ‘அப்படி இருக்கும் என்று நினைத்தேன்’ என்பதற்குத் தெருவில் ‘பென்ஸாவோ கே ஏரா’ என்பதும் காதில் விழும், ‘பென்ஸாவோ கே ஃபோஸ்ஸே’ என்பதும் காதில் விழும். தேர்வுக் கட்டுரையில் இரண்டாவதற்கு மட்டுமே இடம். சிசிலியில் சற்று முன் நடந்ததைக்கூடத் தொலைதூர இறந்தகாலமான பஸ்ஸாத்தோ ரெமோத்தோவில் சொல்வது இயல்பு. பொது இத்தாலியத்தில் அதே சொல் வேறு தொனியைத் தரும். ‘நாயை வெளியே கூட்டிப்போ’ என்பதற்குத் தெற்கில் சொல்லும் ‘ஏஷி இல் கானே’ என்ற வழக்கையும் நீங்கள் அறியாமலே பழகியிருப்பீர்கள். இவ்வகை வழக்குகளைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, ஃபிளாரென்ஸில் 1583-இல் தொடங்கப்பட்ட க்ருஸ்கா மொழிக் கழகம், வீட்டுப் பேச்சில் இவற்றை ஏற்கலாம், முறையான எழுத்தில் கூடாது என்ற கருத்தில் விடை தந்தது. ஆகவே இவை வெட்கப்பட வேண்டிய பிழைகள் அல்ல. ஆனால் எது வீட்டுக்கு, எது அலுவலகத்துக்கு என்று பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் அதைச் செய்ய மாட்டார். அவரும் அப்படியேதான் பேசுகிறார்.

எங்கே தேடுவது என்றால், உங்கள் நகரிலேயே தொடங்குங்கள். பலேர்மோ பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவருக்கான இத்தாலிய மொழிப் பள்ளியான இத்தாஸ்த்ராவில் உயர்நிலை வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று நேரில் சென்று விசாரியுங்கள். வகுப்பு நேரம் உங்கள் வேலையோடு பொருந்தாவிட்டால், தனியாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் யாரையாவது தெரியுமா என்றும் கேளுங்கள். தனி ஆசிரியர் எவராயினும், வெளிநாட்டவருக்கு இத்தாலியம் கற்பிப்பதற்கான சான்றிதழ் உள்ளவரா என்று பாருங்கள்: சியேனா வழங்குவது தித்தால்ஸ், வெனிஸின் கா ஃபோஸ்கரி பல்கலைக்கழகம் வழங்குவது செதில்ஸ். சான்றிதழ் இருந்தால் நல்ல ஆசிரியர் என்று பொருளாகாது. ஆனால் நீங்கள் ஏன் தடுமாறுகிறீர்கள் என்பதை ஒருமுறையாவது முறையாக யோசித்தவர் என்று பொருள்.

அதன்பின் ஒரே ஒரு சோதனை போதும். கட்டணம் பேசுவதற்கு முன், சியேனா தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ள பழைய சி1 வினாத்தாளிலிருந்து ஓர் எழுத்துப் பயிற்சியைக் கடிகாரம் வைத்து எழுதி, ‘இதைத் திருத்த எவ்வளவு கேட்பீர்கள்?’ என்று அனுப்புங்கள். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தி ‘மிக நன்று’ என்று திருப்பித் தருபவரிடம் செல்ல வேண்டாம். ‘இந்த இணைப்புச் சொல் ஏன் இங்கே? இந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தது ஏன்?’ என்று கேட்பவர் கிடைத்தால், வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் அவரிடம் படித்தாலும் போதும். மூன்று மணித்தியாலக் கதையைவிட அது உங்களைத் தூரம் கொண்டு செல்லும். சில்ஸின் எல்லா நிலைகளுக்கும் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கிறது. வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குக் குறைவான அவகாசம் போதாது என்பது என் கருத்து. நெருக்கடி இல்லாத பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: உரோமையில் இறையியல் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். இத்தாலியத்தில் சி2 சான்றிதழ் பெற விரும்புகிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், இத்தாலியர், கட்டணமின்றிக் கற்பிக்க முன்வந்துள்ளார். அவரே போதுமா?
– அருட்பணியாளர் ஒருவர், உரோமை

பதில்: அவரை விட்டுவிடாதீர்கள், ஆனால் அவரையே முழுமையாக நம்பியும் இருக்காதீர்கள். இத்தாலியப் பிள்ளைகளுக்கு இத்தாலியம் கற்பித்தவர், ‘இப்படிச் சொல்ல மாட்டோம்’ என்று மிகச் சரியாகச் சொல்வார். ‘ஏன்’ என்று கேட்டால் பல நேரம் தயங்குவார், ஏனெனில் அவர் மாணவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அவருடைய பெருஞ்செல்வம் நடையறிவு. நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை எடுத்து, அதையே ஓர் ஆயருக்கு எழுதும் கடிதமாகவும், நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலாகவும், கருத்தரங்கக் குறிப்பாகவும் மாற்றி எழுதி அவரிடம் காட்டுங்கள். சி2 நிலையின் உயிர்நாடி இந்த மாற்றம்தான். தேர்வு வடிவத்துக்கு மட்டும், கடைசி இரண்டு மாதங்களில், அந்தத் தேர்வுக்குப் பலரைத் தயார்செய்த ஒருவரிடம் சில வகுப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் வீரமாமுனிவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680-இல் பிறந்து நம்மிடம் வந்த அவர், தமிழைப் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் எழுதினார். ஒரு மொழிக்குள் இரண்டு நடைகள் வாழ்கின்றன என்பதை வெளியிலிருந்து வந்து கற்றவர் அவ்வளவு தெளிவாகக் கண்டார். நீங்கள் எதிர்த்திசையில் அதே வழியில் செல்கிறீர்கள். உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொன்னால், நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பது அவருக்கும் எளிதில் விளங்கும்.

கேள்வி: கோவையிலிருந்து இணையவழியில் இத்தாலியம் படித்து பி2 வரை வந்துவிட்டேன். சி1-க்கு ஆசிரியர் தேடியபோது ஒருவர், மூன்று மாதத்தில் தேர்ச்சி உறுதி என்றும் முழுக் கட்டணத்தையும் முன்பணமாகச் செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறார். சேரலாமா? எந்தத் தேர்வை எழுதுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சேர வேண்டாம். விடைத்தாளைத் திருத்துவது அவர் அல்லர். அவர் கையில் இல்லாத ஒன்றை உறுதியளிக்கிறார். நான்கைந்து வகுப்புகளுக்கு மேல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தேர்வைத் தீர்மானித்த பிறகே ஆசிரியரைத் தேட வேண்டும், ஏனெனில் தேர்வுக்குத் தேர்வு பயிற்சி மாறுகிறது. சியேனாவின் சில்ஸிலும், பெருஜா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் செலியிலும் இலக்கணத்துக்கும் மொழியமைப்புக்கும் தனிப் பகுதி உண்டு. தாந்தே அலிகியேரி சங்கம் நடத்தும் பிளிடாவில் அப்படித் தனிப் பகுதி இல்லை. கேட்டல், வாசித்தல், எழுத்து, பேச்சு என நான்கு திறன்களுக்குள்ளேயே இலக்கணமும் அளக்கப்படுகிறது. மூன்றும் மதிப்புள்ளவை. உங்களுக்கு எட்டும் தொலைவில் எதற்குத் தேர்வு மையம் இருக்கிறது, அங்கே சி1 நடத்துகிறார்களா என்பதே முடிவு செய்யட்டும். அந்தந்த நிறுவனத்தின் மையப் பட்டியலைப் பாருங்கள். தில்லியிலுள்ள இத்தாலியப் பண்பாட்டு மையத்துக்கும் எழுதிக் கேளுங்கள்.

இத்தாலியச் சூழல் இல்லாமல் படிக்கும் தமிழருக்கு இன்னொன்றும் தேவை: ஒலியைக் கவனிக்கும் ஆசிரியர். மெய் இரட்டிப்பது நமக்கு எளிது. ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பால்லா’ என்றால் பந்து. ‘கலை’, ‘கல்லை’ என்ற வேறுபாட்டில் வளர்ந்த காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். இடறுவது வேறிடத்தில். ‘எவ்வளவு’ என்பதற்கும் ‘எப்போது’ என்பதற்கும் உள்ள இத்தாலியச் சொற்கள் இரண்டையும் தமிழில் எழுதினால் ‘குவாந்தோ’ என்ற ஒரே வடிவம்தான் வருகிறது. ஒன்றில் வல்லொலி, மற்றதில் மெல்லத் தணிந்த ஒலி. மெல்லெழுத்தை அடுத்து வரும் வல்லெழுத்தை நாம் இயல்பாகவே தணித்து ஒலிப்பதால், பேசும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, கேட்கும்போதும் குழம்புகிறோம். கேட்டல் பகுதியில் மதிப்பெண் இழக்கும் நம் மாணவர்கள் சொல்வளம் போதவில்லை என்று எண்ணி அகராதியைப் புரட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருந்தது.

இத்தாலிய ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் வகுப்பிலேயே இத்தாலிய வானொலிச் செய்தியிலிருந்து பத்து வரிகளை வாசிக்கச் சொல்லி, நீங்கள் கேட்டு எழுதி, அந்தத் தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். பிழைகளை எண்ணிச் சொல்வதோடு நிற்காமல் அவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டு, அதற்கென்று அடுத்த வகுப்பில் ஒரு பயிற்சியோடு வருபவரிடம் சேருங்கள்.