பழைய விண்டோஸில் புதிய உலாவி: கேள்வி பதில்

ஹட்டன், பாடசாலை ஆசிரியை: எமது கணினி அறையில் இருப்பவை விண்டோஸ் 7 கணினிகள். குரோம் இனிப் புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தல் வருகிறது. சில இணையப் பக்கங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. என்ன செய்யலாம் சேர்?

டீச்சர், கணினிகளில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதி நிறுத்தியது. 2023 பெப்ரவரியில் வெளியான குரோம் 110க்கு விண்டோஸ் 10 தேவைப்பட்டதால், உங்கள் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. உங்களுக்குப் பொருத்தமானது, மொஸில்லா நிறுவனத்தின் பயர்பொக்ஸ் உலாவியில் நீட்டித்த ஆதரவுப் பதிப்பான 115 ஆகும். விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் இயங்கும் கடைசிப் பயர்பொக்ஸ் அதுதான். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களின் காலத்தை மொஸில்லா பல தடவை நீட்டித்திருக்கிறது என்றாலும், அது நிரந்தரமான ஏற்பாடு அன்று.

முதலில் ‘கொம்பியூட்டர்’ படத்தில் வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் இரண்டு விடயங்களைப் பாருங்கள்: சேர்விஸ் பேக் 1 என்ற மைக்ரோசொப்டின் திருத்தத் தொகுப்பு இருக்கிறதா, இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா (அதற்கேற்ற நிறுவியை எடுப்பதற்காக). சேர்விஸ் பேக் 1 இல்லாவிட்டால் அதை நிறுவிய பின்னரே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். அதன் பிறகும் நிறுவிக் கோப்பின் மின்னணுக் கையொப்பத்தை ஏற்க முடியாது என்ற செய்தி வந்தால், 2019இல் வெளியான கேபி 4490628, கேபி 4474419 என்னும் இரண்டு இற்றைப்படுத்தல்களையும் இதே வரிசையில் நிறுவுங்கள். இன்றைய மென்பொருள்களில் இடப்படும் ஷா-2 வகைக் கையொப்பத்தைப் பழைய விண்டோஸ் 7 அவை இல்லாமல் அறிந்துகொள்ளாது. பயர்பொக்ஸில் சிறிய நிறுவி, முழு நிறுவி என இரண்டு வகை உண்டு. சிறியது நிறுவும் வேளையில்தான் மீதியை இறக்குகிறது என்பதால், மழை மூடினால் சிக்னல் அறுந்துபோகும் நமது பக்கங்களுக்கு முழு நிறுவியே ஏற்றது. ஒரு முறை இறக்கி, பென்ட்ரைவில் வைத்து எல்லாக் கணினிகளுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் மொஸில்லாவின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் அதை எடுக்காதீர்கள்.

மஸ்கெலியா, கொமியூனிகேஷன் கடை நடத்துபவர்: அண்ணா, எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்று வருகிறது. உலாவியை அழித்துவிட்டு மீண்டும் போட்டும் சரிவரவில்லை.

திரையின் வலது மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள், தம்பி. இணையத்தளச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை 2009இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லுபடியாகாது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் திகதி பின்னோக்கிப் போகுமானால், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கிறது. மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது சீஆர் 2032 வகை. அதை மாற்றினால் போதும்.

பண்டாரவளை: விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் புதிய பயர்பொக்ஸை நிறுவினால் ‘செல்லுபடியான வின்32 செயலி அன்று’ என்கிறது.

எக்ஸ்பியில் இயங்கிய கடைசிப் பயர்பொக்ஸ் 52.9, அது 2018இல் முடிந்தது. எக்ஸ்பி போன்ற பழைய விண்டோஸ்களுக்கென்று, குரோமின் திறந்த மூலநிரலான குரோமியத்திலிருந்து ஆக்கப்பட்ட சூப்பர்மியம் என்ற உலாவி உண்டு, செய்தி வாசிக்க உதவும். ஆயினும் எக்ஸ்பியின் அடித்தளமே 2014 முதல் வழமையான திருத்தம் பெறாமல் இருப்பதால், அதில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சுச் செய்ய வேண்டாம்.

தலவாக்கலை: விண்டோஸ் 7க்குப் புதிய குரோம் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. ஹட்டன் ஆசிரியைக்கு எழுதிய பதிலை வாசியுங்கள்.

வெலிமடை: விண்டோஸ் 7இல் இயங்கும் புத்தம் புதிய குரோம் என்று நண்பர் ஒரு பென்ட்ரைவ் தந்தார். போடலாமா?

போட வேண்டாம். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்: கூகுள் அப்படியொன்றை வெளியிடவில்லை. ஆகவே அந்தக் கோப்பில் இருப்பதை யார் சேர்த்தார் என்பது உங்களுக்கும் தெரியாது, நண்பருக்கும் தெரியாது.

பொகவந்தலாவை, ஓய்வுபெற்ற தோட்ட எழுதுவினைஞர்: ஐயா, செத்த இயங்குதளத்துக்கு ஏன் இவ்வளவு வைத்தியம்? லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்லிவிடலாமே.

பதுளை, ஆசிரியர்: அது எப்படி முடியும்? எங்களுடைய பரீட்சைத் தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லினக்ஸுக்குப் போனால் அவ்வளவும் வீண்.

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெரியவர் சொல்வது என் கருத்தும்தான். இணையத்துக்கென்றே வைத்திருக்கும் கணினி என்றால், புதுப்பிப்புத் தொடரும் இயங்குதளமே நேரான தீர்வு. மின்டுக்கு 64 பிட் செயலியும் (ப்ரொசெசர்) குறைந்தது 2 கிகாபைட் நினைவகமும் வேண்டும், நினைவகம் 4 இருந்தால் வசதி. 32 பிட் விண்டோஸ் இருப்பதால் செயலியும் 32 பிட் என்று முடிவுகட்டாதீர்கள். கோர் 2 டுவோ போன்ற செயலிகள் 64 பிட்டை ஏற்பவை. ஆசிரியரின் கவலை நியாயமானது, முடிவுதான் தவறு. பாமினியில் தட்டச்சுச் செய்த எழுத்து உள்ளே ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. எனவே பாமினிக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் லிப்ரே ஒபிஸ் என்ற ஆவண மென்பொருளில் உங்கள் தாள்கள் தமிழாகவே திறக்கும். பக்க அமைப்பு இங்குமங்கும் நகரலாம், அதை மட்டும் சரிபார்க்க வேண்டும். ஆனால் அதே பாமினி வரிகளை உலாவியின் படிவமொன்றில் ஒட்டினால், எந்த இயங்குதளத்திலும் எந்தப் பதிப்பிலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். இணையத்துக்கு, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோட் முறை தேவை. ஆகவே புதிய தாள்களையாவது யுனிகோடில் எழுதத் தொடங்குங்கள்.

பதுளை, அதே ஆசிரியர்: அலுவலகத்தில் பாமினியில்தானே கேட்கிறார்கள்?

கேட்பவருக்கு யுனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றிக் கொடுங்கள், மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றன. மூலப் பிரதி யுனிகோடில் இருக்கட்டும்.

நுவரெலியா: அச்சுப்பொறியில் தாள் சிக்குகிறது.

அது என் துறையன்று, திருத்துநரிடம் காட்டுங்கள்.

இராகலை, உயர்தர மாணவி: அண்ணா, பழைய பயர்பொக்ஸில் நீட்சிகள் (அட்-ஒன்) எல்லாம் திடீரென்று நின்றுவிட்டன. சேமித்த கடவுச்சொற்கள் போய்விடுமோ என்று புதுப்பிக்கப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி, நீட்சிகளைச் சரிபார்க்கப் பயர்பொக்ஸுக்குள் இருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14ஆம் திகதி காலாவதியானது. நீட்டித்த பதிப்பில் 115.13 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதியதை நிறுவினால் கடவுச்சொற்களும் அடையாளக்குறிகளும் அப்படியே இருக்கும். மனம் ஆறாவிட்டால், பயர்பொக்ஸை மூடிவிட்டு அதன் ‘ப்ரொபைல்ஸ்’ கோப்புறையைப் பென்ட்ரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பென்ட்ரைவை மட்டும் வேறு யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். அதற்குள் உங்கள் கடவுச்சொற்கள் அனைத்தும் இருக்கும்.