காத்திருப்பவர்களின் தலைவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய குழுவொன்றை நடத்தி வருகிறேன். எர்னஸ்ட் ஷாக்கில்டனின் அண்டார்டிகப் பயணத்தைப் பற்றிப் படித்தபின் உங்களிடம் சில கேள்விகள் கேட்கத் தோன்றியது. நெருக்கடியில் தலைமை தாங்கும் ஆற்றல் பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா? ஆபத்து வேளையில் எல்லோரையும் கலந்து முடிவெடுப்பதா, தனித்து ஆணையிடுவதா? என் குழுவில் ஒருவர் எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுகிறார், அவரை விலக்கிவிடலாமா? எங்கள் திட்டம் மேலிடத்தின் முடிவுக்காக நான்கு மாதங்களாகக் கிடப்பில் இருக்கிறது. தலைவனுக்கு வேலையில்லாத நாட்கள் இவை என்பதால்தான் இவ்வளவு எழுத நேரம் கிடைத்தது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்வி பட்டிமன்றத்துக்குரியது; அங்கேயே இருக்கட்டும். இரண்டாவதற்கு விடை, உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. படகு கவிழும் வேளையில் யாரும் வாக்கெடுப்பு நடத்துவதில்லை.

மூன்றாவது கேள்வி எனக்குக் கோபமூட்டியது. ஷாக்கில்டனைப் படித்துவிட்டா இதைக் கேட்கிறீர்கள்? 1915-ல் எண்டூரன்ஸ் கப்பலைப் பனி நொறுக்கியபின், படகுகளைப் பனிமேல் இழுத்துச் சென்றபோது, கப்பலே போனபின் ஒப்பந்தம் ஏது என்று வாதாடி நகர மறுத்தவர் தச்சர் மெக்னிஷ். சில மாதங்களுக்குப்பின் 22 அடிப் படகொன்றின் பக்கங்களை உயர்த்தி, பெட்டிப் பலகைகளாலும் கித்தானாலும் மேல்தளம் அமைத்து, உலகின் மிகக் கொடிய கடலில் 800 மைல் செல்லத் தகுந்ததாக்கியவரும் அவரே. உதவி தேடிப் புறப்பட்டபோது ஷாக்கில்டன் அவரை அந்தப் படகிலேயே ஏற்றிக்கொண்டார். மறுத்துப் பேசுபவரைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதில் தந்திரமும் உண்டு, பெருந்தன்மையும் உண்டு; பின்னாளில் மெக்னிஷுக்குத் துருவப் பயணிகளுக்கான பதக்கம் கிடைக்காதபடி செய்ததில் இரண்டுமே இல்லை. உங்கள் குழுவின் அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை முதலில் கேளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடைசி வரி. "தலைவனுக்கு வேலையில்லாத நாட்கள்" என்கிறீர்கள். சில காலமாகவே என் மனத்தில் ஷாக்கில்டன் இல்லை. அவர் விட்டுச்சென்ற துணைத்தலைவர் ஃபிராங்க் வைல்ட்தான் இருக்கிறார். 1916 ஏப்ரல் 24-ஆம் நாள் ஐவருடன் ஷாக்கில்டன் உதவி தேடிப் புறப்பட்டதும், அவர்கள் படகுகளில் வந்து ஒதுங்கியிருந்த, ஆளில்லாத எலிஃபண்ட் தீவில் எஞ்சிய 22 பேரின் பொறுப்பு வைல்டிடம் வந்தது. ஷாக்கில்டனுக்கு அலை இருந்தது, திசை இருந்தது, ஒவ்வொரு நாளும் முடிந்த தொலைவு இருந்தது. வைல்டுக்கு இருந்தவை கற்சுவர்மேல் இரண்டு படகுகளைக் கவிழ்த்து அமைத்த குடில், கொழுப்பு எரியும் அடுப்பின் கரிப்புகை, போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத நான்கு மாதங்கள்.

அந்தக் குடிலில்தான் பிளாக்போரோ என்ற இளைஞரின் பனியில் கருகிய கால்விரல்களை மருத்துவர்கள் இருவர் அகற்றினார்கள். குளோரோஃபார்ம் ஆவியாக வேண்டுமே என்பதற்காக, பென்குவின் தோல்களை அடுப்பில் திணித்துக் குடிலைச் சூடாக்க வேண்டியிருந்தது. ஆனால் இத்தகைய நாட்கள் ஒருவகையில் எளியவை என்றே நினைக்கிறேன். செய்வதற்கு ஏதோ இருக்கிறது. ஒன்றுமே நிகழாத மறுநாள்தான் கடினம். ஒவ்வொரு காலையும் வைல்ட், தலைவர் இன்று வரக்கூடும், படுக்கைகளைச் சுருட்டுங்கள் என்று சொல்வாராம். முதல் வாரத்தில் அதைச் சொல்வது யாருக்கும் எளிது. நூறாவது நாளில், கடல் முழுவதும் பனி அடைத்துக் கிடக்கும்போது, கேட்பவர்கள் சிரித்துவிடாதபடி அதைச் சொல்ல முந்தைய நூறு நாட்களிலும் ஒருவன் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும்! அதுவும் வேலையில்லாத நாள் என்றுதான் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

இந்த நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. கிடங்குப் பொறுப்பிலிருந்த ஆர்ட்-லீஸ், இறைச்சியை நிறையச் சேமித்து வைக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அப்படிச் சேமிப்பது தலைவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும் என வைல்ட் தயங்கினார். கணக்குப்படி ஆர்ட்-லீஸ் சொன்னதே சரி. குளிர்கால முடிவில் உணவு உண்மையிலேயே குறைந்தது. ஆனாலும் வைல்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அவர் குருட்டு நம்பிக்கையில் இருந்தவர் அல்லர். யாரும் வராவிட்டால் மீந்த படகொன்றில், திமிங்கல வேட்டைக் கப்பல்கள் வந்துபோகும் டிசெப்ஷன் தீவுக்குச் செல்வதென்ற திட்டத்தையும் வைத்திருந்தார். ஆகஸ்ட் 30-ஆம் நாள், நான்காவது முயற்சியில் சிலியின் யெல்சோ கப்பலுடன் ஷாக்கில்டன் வந்தபோது 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

2010-ல் சிலியின் சான் ஹொசே சுரங்கத்தில் சிக்கிய 33 பேரும், வெளியுலகத் தொடர்பே இல்லாத முதல் 17 நாட்களை, இரண்டு நாளுக்கொருமுறை ஆளுக்கு இரண்டு கரண்டி மீனென்று பகிர்ந்து கடந்தார்கள். அங்கும் பணிமுறைத் தலைவர் லூயிஸ் உர்சுவா செய்த பெரும்பகுதி வேலை இதே வகைதான்.

மேலிடத்தின் முடிவு வரும்போது வரட்டும். இந்த நான்கு மாதங்களில் உங்கள் குழுவினர் காலையில் வந்ததும் என்ன செய்கிறார்கள், யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், முடிவு பாதகமாக வந்தால் என்ன செய்வதென்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? அடுத்த கடிதத்தில் இவற்றை எழுதுங்கள். ஷாக்கில்டனைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அன்புடன்.