உப்புக் காற்றும் அம்பாசடர் வயரிங்கும்

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசடரில் ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. ரெடிமேட் வயரிங் செட் வாங்கி மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: மாற்றலாம், ஆனால் முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள், பாடியில் எர்த் வயர் முடுக்கிய இடத்தில் கடல் காற்றுக்குத் துரு ஏறியிருக்கும், உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கி மேலே கிரீஸ் தடவுங்கள். (உப்புக்கு உப்புத்தாள்தான் மருந்து!) அப்புறம் வயர் நுனியைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் புது செட்தான், ஒட்டுப் போட வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் நம் கரைக்கு நல்லது. ஹெட்லைட்டுக்கு ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) தனி ஃபியூஸும் வையுங்கள்: 60 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும், அத்தனையும் பழைய சுவிட்ச் வழியாகப் போனால் அது கொதிக்கத்தான் செய்யும். கழற்றுமுன் பேட்டரி வயரை எடுத்துவிடுங்கள்.