ஓவர்கிளாக் செய்யப் போகிறீர்களா? புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஓவர்கிளாக் என்றால் சிப்பையோ ரேமையோ குறிக்கப்பட்ட வேகத்துக்கும் மேலே ஓட்டுவது. புதிதாக அதைப் பழக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களில் பலரிடம் இருப்பது ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 பிராசஸர், பி450 அல்லது பி550 மதர்போர்டு. அதனால் பெரும்பாலும் அதை வைத்தே விளக்குகிறேன்.

கேள்வி: என் கணினியில் ஓவர்கிளாக் செய்ய முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அண்ணா?

பிராசஸர், மதர்போர்டு இரண்டும் இடம் கொடுக்க வேண்டும். இன்டெலில் பெயரின் கடைசியில் 'கே' இருக்கும் பிராசஸரும், இசட்690, இசட்790 போன்ற இசட் வகை போர்டும் வேண்டும். ஏ.எம்.டி.யில் ரைசன் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பெரும்பாலும் வேகப் பூட்டு இல்லாமல் திறந்தே வருகின்றன. ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் பிராசஸரின் வேகத்தை மாற்ற முடியாது. பி450, பி550 இருந்தால் போதும்.

கேள்வி: 300 மெகாஹெர்ட்ஸ் செலரானை 450-ல் ஓட்டியதாக அப்பா சொல்கிறார். இப்போது ஏன் யாருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை?

அப்பா சொல்வது முழுக்க உண்மை. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ அது. போர்டின் பஸ் வேகத்தைப் பெருக்கல் எண்ணால் பெருக்கினால் சிப்பின் வேகம் வரும். பெருக்கல் எண் 4.5-ல் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் 450 வந்துவிடும். ஐம்பது சதவீத லாபம்! அந்தச் சிப்பால் இன்னும் வேகமாக ஓட முடியும். விற்கும்போது வேகத்தைக் குறைத்து விற்றார்கள்.

இன்று அந்த மிச்சத்தைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொள்கிறார். 5600-ன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். சூடும் மின்சாரமும் அனுமதித்தால் அது தானாகவே 4.4 வரை போகும். நமக்கு மிஞ்சுவது சில சதவீதம்தான். அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

கேள்வி: சரி, முதலில் எதைத் தொடுவது?

ரேமை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 3200 என்று அட்டையில் போட்ட ரேமை வாங்கி மாட்டிவிட்டு, அது 2133-லோ 2400-லோ ஓடுவது தெரியாமலே பலர் வருடக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியில் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். குறைவாக இருந்தால் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள்) போய் எக்ஸ்.எம்.பி. என்பதை இயக்குங்கள். சில போர்டுகளில் அதற்கு டி.ஓ.சி.பி. என்று பெயர். டி.டி.ஆர்.5 ரேம் உள்ள ஏ.எம்.டி. போர்டுகளில் எக்ஸ்போ என்று இருக்கும். ரேம் தயாரித்தவரே சோதித்துப் பதிந்துவைத்த வேகம், நேர இடைவெளி, வோல்டேஜ் மூன்றும் ஒரே தேர்வில் வந்துவிடும்.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். மதர்போர்டு கையேட்டில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எக்ஸ்.எம்.பி. போட்டேன், விண்டோஸ் நன்றாகத் திறக்கிறது. வேலை முடிந்ததா?

முடியவில்லை. என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது இந்த இடம்தான். எல்லோரும் சிப் எரிந்துபோகுமோ என்று பயப்படுகிறார்கள். சூடு அளவு மீறினால் சிப் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் போனால் கணினி அணைந்துவிடும். ரேமில் ஏற்படும் பிழைக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. ஒரு பிட் மாறினால் திரையில் எதுவும் தெரியாது. அந்தத் தவறோடு ஒரு புகைப்படம் சேமிக்கப்படும், ஒரு கணக்குக் கோப்பு எழுதப்படும். மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் கெட்டுப்போனது தெரியும். அதற்குள் பேக்கப்பிலும் கெட்ட பிரதிதான் இருக்கும்.

அதனால் ரேமைத் தொடும் முன்பு முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு வேண்டாம். 3200-ல் பிழை வந்தால் 3000-ல் வைத்து மறுபடி சோதியுங்கள். "ஒரு பிழைதானே" என்று விடக்கூடாது.

கேள்வி: எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பிராசஸர் 1.42 வோல்ட் எடுப்பதாகக் காட்டுகிறது! நான் எதையுமே மாற்றவில்லை. ஆபத்தா?

இல்லை, பயப்படாதீர்கள். ஒன்றிரண்டு கோர்கள் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மட்டும் லேசான வேலை செய்யும்போது சிப் அவற்றை உச்ச வேகத்துக்கு ஏற்றும். அதற்கு அந்த வோல்டேஜ் தேவை. ஓடும் மின்னோட்டம் அப்போது குறைவு, அதனால் பிரச்சினை இல்லை. எல்லா கோர்களும் உழைக்கும்போது சிப் தானாகவே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். எல்லா கோர்களையும் உழைக்க வைக்கும் சினிபெஞ்ச் சோதனை ஓடும்போது பாருங்கள், இறங்கியிருக்கும்.

இதைப் பார்த்துவிட்டுச் சிலர் "சிப்பே 1.42 எடுக்கிறது, நானும் அதையே வைக்கிறேன்" என்று பயாஸில் நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறார்கள். அது தவறு. அப்போது முழு மின்னோட்டமும் அதே வோல்டேஜில் ஓடும். சிப் வருடக்கணக்கில் மெல்லத் தேயும். முன்பு நிலையாக ஓடிய வேகத்தில் பிறகு ஓட மறுக்கும்.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்தின் நேர் விகிதத்திலும், வோல்டேஜின் இருமடி விகிதத்திலும் கூடும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் மின்சாரம் சுமார் 33 சதவீதம் ஏறும். கிடைத்த வேகம் 10 சதவீதம், வெளியேற்ற வேண்டிய சூடோ சுமார் 33 சதவீதம் கூடிவிட்டது.

கேள்வி: அப்படியானால் வோல்டேஜை ஏற்றாமல் வேகம் கிடைக்க வழியே இல்லையா, சார்?

இருக்கிறது. குறைத்தே வேகம் எடுக்கலாம்! புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பயாஸில் பி.பி.ஓ. என்ற பகுதிக்குள் 'கர்வ் ஆப்டிமைசர்' இருக்கும். எல்லா கோர்களுக்கும் நெகடிவ் 10 கொடுங்கள். அதே வேகத்துக்குச் சிப் குறைந்த வோல்டேஜ் எடுக்கும், சூடு குறையும், மிஞ்சிய இடத்தில் இன்னும் கொஞ்சம் வேகம் ஏறும். நிலையாக இருந்தால் 15, அப்புறம் 20. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதில் வரும் கோளாறு கனமான சோதனையில் பெரும்பாலும் தெரியாது. கணினி சும்மா இருக்கும்போதோ, பிரவுசர் பார்த்துக்கொண்டிருக்கும்போதோ திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். காரணம், உச்ச வேகம் லேசான வேலையில்தான் வருகிறது. கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்கும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் WHEA-Logger என்ற பெயரில் பிழை பதிவாகியிருந்தால், 20-லிருந்து 15, 10 என்று எண்ணைக் குறையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு ரிவ்யூவில் 68 டிகிரி. இதே கூலர், எனக்கு மதுரையில் 82. என் சிப் மட்டமானதா?

உங்கள் சிப் நல்ல சிப்தான். அவர்கள் அறை 21, 22 டிகிரி இருக்கும். உங்கள் அறை மே மாதத்தில் 36. அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பிலும் கூடும். வித்தியாசம் அங்கேயே சரியாகிவிட்டது. 5600-ன் உச்ச வரம்பு 90 டிகிரி. எந்த அமைப்பையும் குளிர்ந்த ஜனவரி காலையில் சோதித்து முடிவு செய்யாதீர்கள். வெயில் காலத்து மதியத்தில் தாங்க வேண்டும். ஃபில்டரில் படிந்த தூசியைத் துடைத்தாலே சில கணினிகளில் நல்ல மாற்றம் தெரியும்.

கேள்வி: இன்டெல் ஐ7-14700கே வாங்கியிருக்கிறேன். எவ்வளவு ஏற்றலாம்?

இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு நாளடைவில் கெடுகின்றன என்பதை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டது. அந்தத் திருத்தம் உள்ள புதிய பயாஸ் போட்டு, 'இன்டெல் டீஃபால்ட்' அமைப்பில் ஓட்டுங்கள். ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அதற்கென்று வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள். பயாஸ் மாற்றும்போது கரண்ட் போனால் போர்டே திறக்காமல் போகலாம், அதனால் யு.பி.எஸ். இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு?

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் போதும், எந்த நிறுவனத்துக் கார்டுக்கும் வேலை செய்யும். கோர் வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் நீங்கள் உண்மையில் விளையாடும் விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். கார்டின் மெமரியில் மட்டும் கவனம்: ஜி.டி.டி.ஆர்.6 வகை மெமரியில் பிழை வந்தால் அதே தரவு திரும்ப அனுப்பப்படும். கணினி நிற்காது, மெமரி வேக எண் ஏறியிருக்கும், ஆனால் விளையாட்டில் விநாடிக்கு வரும் ஃபிரேம் குறையும். ஃபிரேம் அளவை எழுதிவைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

கேள்வி: லேப்டாப்பில்?

பெரும்பாலானவற்றில் பூட்டப்பட்டிருக்கும். திறந்திருந்தாலும் அந்தச் சின்ன ஃபேனுக்கு இருக்கும் வேலையே அதிகம். விட்டுவிடுங்கள்.

கேள்வி: ரேம் வேகத்தை மாற்றியதும் திரையே வரவில்லை! ஃபேன் மட்டும் சுற்றுகிறது. என்ன செய்வது?

முதலில் சில நிமிடங்கள் காத்திருங்கள், தம்பி. போர்டு தானே சில முறை முயன்று பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். டி.டி.ஆர்.5 என்றால் இன்னும் நேரம் எடுக்கும். அப்படியும் வராவிட்டால் மின் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். கையேட்டில் 'கிளியர் சிமாஸ்' என்று காட்டியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி தொட்டு இணையுங்கள். பின் கிடைக்கவில்லையென்றால் போர்டில் உள்ள வட்டமான பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லா அமைப்பும் பழைய நிலைக்கு வந்துவிடும், கோப்புகளுக்கு எதுவும் ஆகாது.

ஆனால் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், பயாஸ் அமைப்பு அழிந்ததும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது இல்லாமல் டிஸ்க் திறக்காது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இப்போதே போனில் பாருங்கள். பேட்டரியில் கை வைப்பது அதற்கப்புறம்.