கேளுங்க சொல்றேன்: ராம்சேஸ் மூக்குல மிளகு

போன இதழ்ல எகிப்து ராஜா ராம்சேஸோட மம்மி மூக்குல மிளகு இருந்துச்சுன்னு நாலு வரி எழுதினேன், அதுக்கு நீலகிரியில இருந்து மட்டும் இத்தனை கடிதமா! மழையில கரண்ட் போனதும் எல்லாரும் பேனாவை எடுத்துட்டீங்க போல. நானும் கோத்தகிரிக்காரன்தான், அதனால இந்த வாரம் முழுக்க உங்களுக்கே.

எகிப்து ராஜாக்கள்லயே பெரிய வீரன் ராம்சேஸ்தானே சார்? (கல்லூரி மாணவர், ஊட்டி)

நீங்க சொல்றது ரெண்டாம் ராம்சேஸ், அப்படின்னு அவரே செவுருக்கு செவுரு செதுக்கி வெச்சிருக்காரு தம்பி. கி.மு. 1274 வாக்குல இன்னைக்கு துருக்கி இருக்கிற பக்கத்துல ஆண்ட ஹிட்டைட்டுக்காரங்களோட சிரியாவுல காதேஷ்ங்கற ஊர்ல சண்டை, வழியில ரெண்டு நாடோடிங்க வந்து எதிரி ரொம்ப தூரத்துல அலெப்போ பக்கம் இருக்கான்னு அள்ளிவிட, அதை நம்பி நாலு பிரிவுல ஒண்ணை மட்டும் கூட்டிட்டு முன்னாடி போயிட்டாரு, எதிரியோ காதேஷ் ஊருக்குப் பின்னாடியே பதுங்கி நிக்கிறான். பிடிபட்ட ஒற்றனுங்களை ரெண்டு சாத்து சாத்தினப்புறம்தான் உண்மை வந்துச்சு, அதுக்குள்ள பின்னாடி வந்த பிரிவு சிதறிப்போச்சு. கடைசி நேரத்துல இன்னொரு படை வந்து சேர்ந்ததால தப்பிச்சாரு, காதேஷ் கைக்கு வரவே இல்ல. ஆனா அபு சிம்பெல், லக்ஸர்னு எங்க பார்த்தாலும் தேர்ல தனி ஆளா நின்னு எதிரியை விரட்டுற சிற்பம்தான். நம்ம ஊரு பிளக்ஸ் பேனரெல்லாம் பிச்சை வாங்கணும். பதினஞ்சு வருஷம் போல கழிச்சு அதே ஹிட்டைட்டுகளோட சமாதான ஒப்பந்தம் போட்டாரே, என் கணக்குல அதுதான் உருப்படியான வேலை.

சண்டைன்னா எனக்கு ராம்சேஸுக்கு முன்னாடி ஆண்ட எகிப்து ராஜா மூணாம் துட்மோஸ்தான். இன்னைக்கு இஸ்ரேல்ல இருக்கிற மெகிட்டோ கோட்டைக்குப் போக மூணு வழி, அதுல ஒண்ணு குறுகலான கணவாய், குதிரைக்குப் பின்னாடி குதிரையாத்தான் போக முடியும், தளபதிங்க வேண்டவே வேண்டாம்னாங்க. மைசூர் போறப்போ கூடலூர் வழியா சுத்திப் போலாமா, கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு இறங்கலாமான்னு நாம யோசிப்போமே, அந்தக் கதைதான். மனுஷன் கல்லட்டியில இறங்கிட்டாரு! எதிரி மத்த ரெண்டு வழியையும் பார்த்துட்டு நின்னான். ஆனா ஜெயிச்ச கையோட இவரு ஆளுங்க எதிரி கூடாரத்தைக் கொள்ளையடிக்கப் போயிட்டாங்க, அந்த கேப்புல கோட்டைக்குள்ள இருந்தவங்க துணியைத் தொங்கவிட்டு வெளிய நின்ன தங்களோட ஆளுங்களை மேல தூக்கிட்டாங்க. அப்புறம் ஊரைப் பிடிக்க ஏழு மாசம் ஆச்சு. இதையும் கர்நாக் கோயில் செவுத்துல மறைக்காம எழுதி வெச்சிருக்காங்க, அதுக்காகவே பிடிக்கும்.

பிரமிடெல்லாம் அடிமைங்களை சாட்டையால அடிச்சுத்தானே கட்டினாங்க? (தேயிலைத் தோட்டத் தொழிலாளி, குன்னூர்)

சினிமாவுல அப்படித்தான் அக்கா. கட்டினவங்களோட கல்லறைங்க கீஸாவுல பிரமிடுக்குப் பக்கத்துலயே கெடச்சிருக்கு, அடிமைன்னா அந்த இடம் குடுத்திருப்பாங்களா?

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேற ஒண்ணு. எங்கப்பா ஒரு எஸ்டேட்ல செக்ரோல் எழுதினவரு, யாரு வந்தா யாரு வரலன்னு நீட்டு நோட்டுல கோடு போட்டு வெச்சிருப்பாரு. அதே மாதிரி செக்ரோல் எகிப்துலயும் இருந்துச்சு! ராஜாக்களுக்கு கல்லறை குடைஞ்ச தொழிலாளிங்க இருந்த ஊரு டெய்ர் எல் மெதினா, அங்க ரெண்டாம் ராம்சேஸோட 40ஆம் ஆட்சி வருஷத்து லீவு கணக்கு ஒரு சுண்ணாம்புக்கல் சில்லுல இருக்கு. ஒருத்தனுக்கு தேள் கடி, ஒருத்தன் பீர் காய்ச்சப் போயிட்டான், இன்னொருத்தன் செத்துப்போன அம்மாவுக்குத் துணி சுத்தப் போயிருக்கான். எங்கப்பா நோட்டுல பீர் மட்டும்தான் இல்ல.

ஸ்டிரைக்கும் பண்ணியிருக்காங்க. மூணாம் ராம்சேஸ் காலம், கி.மு. 1157 வாக்குல, கூலியே தானியம்தான், அது நாள் கணக்கா வரல, வேலையைப் போட்டுட்டு கோயில் பின்னாடி போய் உக்காந்துட்டாங்க. பசியும் தாகமும்தான் எங்களை இங்க கூட்டிட்டு வந்துச்சு, உடுத்தத் துணி இல்ல, எண்ணெய் இல்ல, மீன் இல்ல, காய்கறி இல்லன்னு அவங்க சொன்னதெல்லாம் பாப்பிரஸ்ங்கற நாணல் தாள்ல பதிவாயிருக்கு. அதே ராஜாதான் கொஞ்ச தூரத்துல மெதினெத் ஹபு கோயில்ல கடல் வழி வந்த எதிரிங்களை நசுக்கினதை செவுரு முழுக்க செதுக்கியிருக்காரு. தானியம் வரல, செவுத்துக்கு மட்டும் ஆளு இருந்திருக்கு.

பொம்பளை ராஜா உண்டா? (பள்ளி மாணவி, கோத்தகிரி)

உண்டு பாப்பா. ஹட்ஷெப்சுட், இருபது வருஷத்துக்குப் பக்கம் ஆண்டாங்க. ஆப்பிரிக்கா பக்கம் இருந்த பண்ட் நாட்டுக்கு கப்பல் அனுப்பி வாசனை மரத்தை வேரோட கூடையில வெச்சுக் கொண்டுவந்த படம் அவங்க கோயில்லயே இருக்கு. அவங்க போனப்புறம் பேரையும் உருவத்தையும் சுரண்டினது நான் மேல புகழ்ந்த துட்மோஸ்தான், அந்த மார்க்கை அவருக்குக் கழிச்சுக்கோ.

மம்மி மூக்குல மிளகுன்னு எழுதினீங்களே, விளையாடுறீங்களா? (மிளகு விவசாயி, கூடலூர்)

சத்தியமா இல்லண்ணே. ரெண்டாம் ராம்சேஸ் மம்மியில பூஞ்சை பிடிச்சு 1976ல பாரிஸுக்குக் கொண்டுபோனாங்க, அவரு மூக்குக்குள்ள மிளகு இருந்துச்சு. கருடன் மாதிரி வளைஞ்ச மூக்கு, கட்டுத்துணி அழுத்தி அமுங்கிடக் கூடாதுன்னு திணிச்சது. மிளகோட பூர்வீகம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைதான், ஆனா அதுக்காக கடையில ராம்சேஸ் மிளகுன்னு போர்டு வெச்சிடாதீங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு, ரோமானியர் காலத்துல, செங்கடல் ஓரம் பெரெனிகே துறைமுகக் கோயில்ல இந்தியப் பானையில ஏழரை கிலோ மிளகு கெடச்சிருக்கு. இன்னொரு துறைமுகம் குசேர் அல் காதிம்ல ஒரு பானை ஓட்டுல தமிழ் பிராமியில பானை ஒறின்னு எழுதியிருக்கு. ஒறின்னா உறி, எங்க பாட்டி அடுப்படியில பூனைக்கு எட்டாம மோர்ப்பானை தொங்குமே, அதே உறிதான்.