கேளுங்கள், சொல்கிறோம்: ரயில் ஜன்னலும் எரிஸும்

கேள்வி: நான் படித்த காலத்தில் கோள்கள் ஒன்பது. பேரன் எட்டு என்கிறான். எரிஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததால்தான் புளூட்டோவுக்குப் பதவி போனதாம். அவ்வளவு தூரத்தில் கிடப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: பேரன் சொல்வது சரிதான் ஐயா. கண்டுபிடித்த விதம் உங்கள் ஊர் ரயிலிலேயே புரிந்துவிடும். நெல்லையிலிருந்து செங்கோட்டை வண்டியில் இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். சேரன்மாதேவி தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டிய பனைகள் விருட்டென்று பின்னால் ஓடும், நடு வயலில் நிற்கிற மாடு மெதுவாக நகரும், மலை மட்டும் நீங்கள் இறங்குகிற வரைக்கும் கூடவே வரும். பூமியும் ஓடுகிற வண்டிதான், அதனால் வானத்தில் ஒரு பொருள் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மைக் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ராபினோவிட்ஸ் என்ற வானியலாளர்கள் மூவரும் கலிபோர்னியாவின் பாலமார் ஆய்வகத் தொலைநோக்கியால் ஒரே இடத்தைச் சிறிது நேரம் விட்டு விட்டு மூன்று முறை படம் எடுப்பார்கள். நட்சத்திரம் அப்படியே இருக்கும், கோள் இடம் மாறியிருக்கும். பொய்ப் புள்ளிகள் குவிந்துவிடும் என்பதால், ரொம்ப மெதுவாக நகர்வதைத் தள்ளிவிடும்படி கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 2003 அக்டோபர் 21 அன்று எடுத்த படத்தில் எரிஸ் இருந்தது, ஆனால் அந்த வரம்பைவிட மெதுவாக நகர்ந்ததால் ஓராண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை! அடுத்த மாதமே செட்னா என்ற இன்னொரு தொலைதூரப் பொருள் சிக்கியது. அதுவும் வரம்பை ஒட்டித்தான் நகர்ந்தது. அப்படியானால் இன்னும் மெதுவானவை தப்பியிருக்குமே என்று வரம்பைக் குறைத்துப் பழைய படங்களை மறுபடி அலசினார்கள், 2005 ஜனவரி 5 அன்று எரிஸ் கிடைத்தது. எனக்கு இதில் பிடித்ததே, தள்ளிவைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்த அந்தப் பொறுமைதான்.

முதலில் புளூட்டோவைவிடப் பெரியது என்றே நினைத்தார்கள். பிறகு அளந்ததில் விட்டம் சுமார் 2,326 கிலோமீட்டர், புளூட்டோவைவிடக் கொஞ்சம் சிறியது, ஆனால் நிறை சுமார் 27 சதவீதம் அதிகம். இதைக் கோள் என்றால் இன்னும் எத்தனையைச் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்து, 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வாக்கெடுப்பு நடந்தது. எரிஸ், புளூட்டோ இரண்டுமே கோள் பட்டியலில் சேராத குறுங்கோள்களாயின.

கேள்வி: எங்கள் மொட்டை மாடியிலிருந்து எரிஸ் தெரியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தெரியாதம்மா, வீட்டில் வைத்திருக்கும் தொலைநோக்கிக்கும் எட்டாது. ஆனால் திசை உண்டு. கார்த்திகை மாதம், மழை விட்ட இரவில் ஏறக்குறைய தலைக்கு மேலே திமிங்கில விண்மீன் கூட்டத்தைப் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வெளிச்சம் இங்கே வர 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியவர் எழும்பூரில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டும் முடித்திருப்பார்.