6 டிகிரி தண்ணீரில் டைவ் செய்ய ட்ரைசூட்டுக்குள் எந்த அண்டர்சூட் போடலாம்? 400 கிராம் வாங்கிவிடலாமா?

உடம்பை நனையவிடாத உங்கள் டைவிங் உடை, அதாவது ட்ரைசூட், எந்த வகை என்று கேள்வியில் இல்லை. ட்ரைலாமினேட் (மூன்று அடுக்கு மெல்லிய துணி) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தத் துணி தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. சூடு முழுக்க உள்ளே போடும் அண்டர்சூட்டிலிருந்துதான் வர வேண்டும். நியோபிரீன் என்ற நுரை ரப்பர் சூட் என்றால் அதற்கே கொஞ்சம் கதகதப்பு உண்டு, ஒரு படி மெல்லியது போதும்.

400 கிராமுக்கு என் பதில்: 6 டிகிரிக்குப் பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது. அந்த எண் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான். ஒரே பொருளுக்குள் ஒப்பிட உதவும். 400 கிராம் ஃப்ளீஸையும் 200 கிராம் தின்சுலேட் என்ற நுண்ணிழைத் துணியையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிட முடியாது.

நம்மைச் சூடாக வைப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. கடையில் தொங்கும்போது புசுபுசுவென்று இருக்கும் அண்டர்சூட், தண்ணீருக்குள் போனதும் அழுத்தத்தில் அமுங்கும். நிமிர்ந்து நின்றால் காற்றெல்லாம் தோளுக்கு ஏறிவிடும், கணுக்கால் பக்கம் சூட் காலோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு நன்றாக இருக்கும்போதே கால் மட்டும் விறைப்பது பலருக்கு இதனால்தான். அதனால் வாங்கும்போது தடிமனைப் பார்க்காதீர்கள். விரல்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, அமுங்கிய பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். தின்சுலேட் மாதிரியான நுண்ணிழைத் துணிகள் இதில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், நனைந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கும். இறகு வைத்த ஜாக்கெட்டை உள்ளே போட்டுச் சமாளிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், நனைந்தால் அது வெறும் ஈரத்துணி.

நனைவது என்றதும் எல்லோரும் சூட் ஒழுகுவதைத்தான் நினைப்பார்கள். அதைவிட அடிக்கடி நடப்பது வியர்வை. கரையில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு சிலிண்டரைத் தூக்கி நடந்தாலே உள்ளே ஈரமாகிவிடும், அப்புறம் தண்ணீருக்குள் அந்த ஈரம் குளிரும். தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலிபுரொப்பிலீனோ போடுங்கள். பருத்தி வேண்டவே வேண்டாம். ஜிப்பைக் கடைசியில் மூடுங்கள்.

தடிமனுக்கு இன்னொரு விலையும் உண்டு. தடித்த அண்டர்சூட் அதிகக் காற்றைப் பிடித்துவைக்கும், அதை அமிழ்த்த அதிக ஈயம் கட்ட வேண்டும். மேலே ஏறும்போது அவ்வளவு காற்றும் விரியும், அதைச் சரியான நேரத்தில் வெளியேற்றுவது உங்கள் வேலை. புதிதாக ட்ரைசூட் போடுபவருக்கு இது சின்னத் தொல்லை இல்லை. தோளில் இருக்கும், காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வைத் துணி அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கப் போகும்போது ட்ரைசூட்டைக் கையோடு எடுத்துப் போய், இரண்டையும் மாட்டிக்கொண்டு குந்தி உட்காருங்கள். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சிலிண்டர் வால்வைத் தொடப் பாருங்கள். எட்டவில்லை என்றால் எத்தனை சூடாக இருந்தும் பயனில்லை.

6 டிகிரியில் அரை மணி, முக்கால் மணி நீந்திக்கொண்டே இருப்பவர் என்றால் என் தேர்வு நடுத்தர மெரினோ, அதன் மேல் 200 கிராம் தின்சுலேட் வகை. குளிர் தாங்காதவர் மார்புக்கு ஒரு வெஸ்ட் சேர்க்கலாம். அசையாமல் நின்று படம் எடுப்பவரும், நீண்ட டீகம்ப்ரெஷன் (மேலே ஏறும் வழியில் நின்று நின்று வருவது) உள்ளவரும் ஒரு படி தடிமனுக்குப் போகலாம். டீகம்ப்ரெஷன் நேரத்தில் குளிர்ந்துபோவது வெறும் அசௌகரியம் இல்லை. கீழே சூடாக இருந்துவிட்டு ஏறும்போது குளிர்ந்தால், உடம்பில் வாயுக் குமிழ்கள் உண்டாகும் டீகம்ப்ரெஷன் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்கக் கடற்படையின் சோதனைகளில் 2007-இலேயே பார்த்திருக்கிறார்கள். பேட்டரியில் சூடாகும் வெஸ்டை நம்பி மெல்லிய அண்டர்சூட் வாங்குவதை நான் விரும்பாததும் இதனால்தான். பேட்டரி பாதியில் நின்றால் மிச்ச நேரம் முழுக்கக் குளிரில் தொங்க வேண்டும்.

காலுக்கு ஒரே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், விரல்கள் அசையும் அளவுக்குப் பெரிய பூட். இறுக்கமான பூட்டுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் கால் இன்னும் சீக்கிரம் குளிரும். கைக்கு உள்ளே தண்ணீர் புகாத ட்ரை குளோவ், தலைக்குத் தடித்த ஹூட்.

சூட்டுக்குள் காற்றுக்குப் பதிலாக நிரப்பும் ஆர்கான் வாயு பற்றியும் யாராவது சொல்வார்கள். காற்றைவிட அது வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும், உண்மைதான். ஆனால் அதற்குச் செலவழிப்பதற்கு முன் அந்தப் பணத்தில் நல்ல குளோவ் வாங்குங்கள்.